கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பொறந்த வீடு அற்றுப்போகுமா?

2022 ஜூலை 9: ஒரு வாசகர் கேட்டது

"அந்தக் காலத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்தால் அதோடு சரி, எட்டு மைல் தள்ளிக் கொடுத்தாலும் பொறந்த வீட்டுத் தொடர்பு அறுந்துபோகும் என்று எங்கள் அப்பா சொல்கிறார். நிஜமா? கரண்டு, பஸ், போன் இல்லாத கிராமத்தில் ஒரு பதினாறு வயதுப் பெண் நாள் முழுக்க என்னதான் செய்தாள்? பாட்டி சொல்லக் கேட்டவர்கள் எழுதுங்கள்."

ஜூலை 9, இரவு

உங்கள் அப்பா சொல்வது எங்கள் பக்கத்துக்குப் பொருந்தாது. எங்கள் அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், காங்கேயத்துக்குப் பக்கத்து ஊரில் பிறந்தவர். சென்னிமலைக்குத் தெற்கே நாலு மைலில் இருந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டார். நீங்கள் சொன்ன அதே எட்டு மைல்தான் இடைத்தூரம். மாட்டு வண்டியில் மூன்று மணி நேரம். கல்யாணம் 1951ல், அப்போது வயது பதினாறு.

இரண்டு ஊரிலிருந்தும் சென்னிமலை தெரியும். பொறந்த ஊரில் வடக்கே கையகலத்துக்குத் தெரிந்த மலை, கல்யாண வண்டியில் போகப் போகப் பெரிதாகிக்கொண்டே வந்ததாம். இதை அம்மிச்சி எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். உறவு அறுந்துபோனவர் மாதிரி அவர் ஒருநாளும் பேசியதில்லை. மீதியை நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 10

ஒரு நாள் எப்படிப் போகும் என்று கேட்டீர்கள்.

கோழி கூவும் முன்னால் எழுந்து மாடு கட்டும் கட்டுத்தரையில் சாணி அள்ளுவது, வாசல் தெளிப்பது, பால் கறந்ததும் முந்தின நாள் தயிரை மத்துப் போட்டுக் கடைவது. இதெல்லாம் விடிவதற்குள் முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் பெரிய வேலை: கம்பு குத்துவது.

வீட்டில் பதினொரு பேர். ஒரு நாளைக்கு ஒரு வள்ளம் கம்பு வேண்டும். எங்கள் பக்கத்தில் நாலு படி ஒரு வள்ளம். கம்பில் தண்ணீர் தெளித்துக் கொஞ்சம் ஊறவிட்டு, உரலில் போட்டுக் குத்தி, தவிடு கழன்றதும் முறத்தில் புடைத்து, மறுபடியும் குத்தி, நொய் வேறு மாவு வேறாகப் பிரிக்க வேண்டும். உலை கொதித்ததும் முதலில் நொய்யைப் போட்டு, அது வெந்த பிறகு மாவைப் போட்டுத் துடுப்பால் கிண்டினால் கம்பஞ்சோறு. ராத்திரி மிஞ்சியதை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டு வைத்தால் மறுநாள் காலையில் மோர் விட்டுக் கரைத்துக் குடிக்கலாம். நெல்லுச்சோறு நோன்புக்கும் விருந்தாளிக்கும் மட்டும்தான்.

உரலில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மாற்றி மாற்றி உலக்கை போடுவார்கள். அம்மிச்சியும் அவருடைய ஓரகத்தியும். ஒருத்தி கை தாளம் தப்பினால் உலக்கையோடு உலக்கை மோதும். இரண்டு பேருக்கும் சண்டை வந்து பேச்சு நின்றுபோன நாட்களிலும் கம்பு குத்தித்தானே ஆக வேண்டும்? பேசாமலேயே மூன்று நாள் சேர்ந்து குத்தினார்களாம். நாலாம் நாள் ஓரகத்தி தாளம் தவறியதில் உலக்கை டக்கென்று மோத, இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். சண்டை அங்கேயே தீர்ந்தது.

ஜூலை 10, சாயங்காலம்

கிணற்றை விட்டுவிட்டேனே. அதுதான் முக்கியம்.

தோட்டத்துக்குக் கவலை இறைப்பார்கள். பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கிணற்று மேட்டிலிருந்து சரிவாக ஒரு தடம் இறங்கும். ஒரு ஜோடி எருது அந்தச் சரிவில் இறங்கும்போது வடக்கயிறு இழுபட்டு, இரும்புச் சால் தண்ணீரோடு மேலே வரும். சாலுக்கு அடியில் தைத்திருக்கும் தோல் வழியாகத் தண்ணீர் தொட்டியில் கொட்டும். பிறகு எருதுகளைப் பின்னாலேயே நடத்தி மேட்டுக்கு ஏற்ற வேண்டும். இறங்கும்போது ஓட்டுகிறவர் வடத்தின் மேலேயே உட்கார்ந்துகொள்வார். மனுசன் பாரமும் சேர்ந்தால் எருதுக்குச் சுமை கொஞ்சம் குறையும்.

ஆண் கவலை ஓட்டினால் பெண் மண்வெட்டியோடு போய்த் தண்ணீர் கட்டுவாள். ஒரு பாத்தி நிறைந்ததும் மடையை அடைத்து அடுத்த பாத்திக்குத் திருப்ப வேண்டும். பத்துப் பேருக்கு மேல் இருந்த வீட்டில் புருசனும் பெண்டாட்டியும் பகலில் வாய்திறந்து பேச முடிந்த ஒரே இடம் அந்தத் தோட்டம்தான். அப்புச்சியைப் பற்றி, அதாவது தன் புருசனைப் பற்றி, அம்மிச்சி சொன்ன நல்ல கதை எல்லாமே கிணற்றடியில்தான் நடக்கும். எனக்கு இது ரொம்ப நாள் புரியவில்லை.

ஜூலை 13

மாமியார் கொடுமை உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். அம்மிச்சி வாழ்க்கைப்பட்ட வீட்டில் அடி, சூடு என்று எதுவும் இல்லை. சோற்றுப் பானையை யார் தொடுவது என்பதில் கண்டிப்பு இருந்தது. மருமகள் கடைசியில்தான் சாப்பிட வேண்டும். குழம்பு தீர்ந்திருந்தால் மிளகாயும் உப்பும்தான். அம்மிச்சி இதைக் குறையாகச் சொல்லவே மாட்டார். ஆனால் சாகும்வரை எங்களில் யாரையும் கடைசிப் பந்தியில் உட்கார விட்டதில்லை. அவர் சொல்லாத குறை அதில் இருந்தது என்று நினைக்கிறேன்.

ஜூலை 17

இன்று ஆடி ஒன்று. ஈரோடு, சேலம், நாமக்கல் பக்கம் இன்றைக்குத் தேங்காய் சுடுவார்கள். தேங்காயின் கண்ணைத் துளைத்து, பாசிப்பருப்பு, எள்ளு, வெல்லம் எல்லாம் உள்ளே போட்டு, குச்சியில் குத்தித் தீயில் வாட்டுவது.

கேள்விக்கு நேரான பதிலும் ஆடிதான். கல்யாணமான முதல் ஆடிக்குப் பொண்ணையும் மாப்பிள்ளையையும் பொறந்த வீட்டிலிருந்து வந்து அழைத்துக்கொண்டு போவார்கள். அம்மிச்சியை அழைக்க அவருடைய அண்ணன் வந்தார். எங்கள் பக்கத்தில் பொறந்தவன் என்றே சொல்வோம். வண்டியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்துக் கொண்டுவந்தாராம். பதினெட்டுக்குப் புளியமரத்தில் தூரி கட்டியிருந்தார்கள். தூரி என்றால் ஊஞ்சல். கல்யாணத்துக்கு முன்னால் ஆடிய அதே மரம். ஆனால் தாலி ஏறிய பெண் காலை உந்தி உயரமாக ஆடக்கூடாது என்று யாரோ ஒரு கிழவி சொல்ல, அவருடைய அம்மா அந்தக் கிழவியைச் சத்தம் போட்டு அனுப்பிவிட்டாராம். "எம் புள்ள எங்கூட்டு மரத்துல ஆடுது, உனக்கென்ன?"

இந்த வசனத்தைச் சொல்லும்போது அம்மிச்சி குரலே மாறிவிடும்.

ஜூலை 24

ஒரு திருத்தம். கல்யாண வயது பதினாறு என்று எழுதியது தப்பு.

ஈரோட்டில் இருக்கும் சின்ன அம்மிச்சியிடம் (அம்மிச்சியின் தங்கை) கேட்டேன். "அக்கா தாது வருசம் பங்குனி, கண்ணாலம் கர வருசம் வைகாசி" என்றார். எங்கள் வீட்டில் கிழவர்கள் யாருக்கும் இங்கிலீஷ் வருசம் தெரியாது, அறுபது வருசப் பெயரும் மனப்பாடமாக வரும். தாது என்றதும் எல்லோருக்கும் தாது வருசப் பஞ்சம்தான் ஞாபகம் வரும். அது 1876. அறுபது கூட்டினால் 1936. தாது வருசத்துப் பங்குனி என்றால் 1937 மார்ச்சில் தொடங்குகிறது. கர வருசத்து வைகாசி என்றால் 1951 மே, ஜூன். ஆக, பதினாலு முடிந்து பதினஞ்சு நடந்துகொண்டிருந்தது.

குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்கும் சாரதா சட்டம் 1930ல் நடைமுறைக்கு வந்தபோது பெண்ணுக்குக் குறைந்தபட்ச வயது 14. 1949ல் அது 15 ஆனது. சட்டப்படி அந்தக் கல்யாணமே நடந்திருக்கக்கூடாது. ஊரில் யாருக்கும் அது தெரிந்திருக்காது, தெரிந்திருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டார்கள். பதினாறு என்று நான் எப்படி எழுதினேன்? அம்மா அப்படித்தான் சொல்வார். அம்மாவுக்கு அம்மிச்சியே அப்படிச் சொல்லியிருக்கலாம். இரண்டு நாளாக என் மகளையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவளுக்கும் பதினாலு முடிந்துவிட்டது.

ஜூலை 25

நேற்று எழுதியதைப் படித்த ஒருவர், "அப்படியென்றால் நல்ல வாழ்க்கை என்று எப்படிச் சொல்கிறீர்கள்" என்று கேட்டார். நல்ல வாழ்க்கை என்று நான் எங்கும் சொல்லவில்லை, தொடர்பு இருந்தது என்றுதான் சொன்னேன். ஆனால் நான் எழுதிய தொனி அப்படி இருந்திருக்கலாம். உலக்கைக் கதையை முதலில் சொல்லிவிட்டேன் அல்லவா. சிரித்த கதைதான் எப்போதும் முதலில் நினைவுக்கு வருகிறது.

ஆகஸ்ட் 6

போனும் பஸ்ஸும் இல்லாமல் சேதி எப்படிப் போனது?

ஒன்று தபால் கார்டு. அம்மிச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வந்த கார்டைக் கொழுந்தனார்தான் வாசலில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். பதிலையும் அவர்தான் எழுதுவார். அதில் மனசில் இருப்பதை எப்படிச் சொல்வது? எல்லாக் கார்டிலும் "இவ்விடம் அனைவரும் நலம்" என்றுதான் இருக்கும்.

இன்னொன்று வளையல்காரர். மலாரத்தை, அதாவது வளையல் சரத்தை, தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறவர். வளையல் போடும்போது கையைப் பிடித்துக்கொண்டு, அளவு பார்க்கிற சாக்கில், "உங்கம்மாளுக்குக் கால்வலி பரவாயில்லயாம் அம்முணி" என்று மெதுவாகச் சொல்வாராம். பக்கத்தில் மாமியார் இருந்தாலும் தெரியாது.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. வாரச் சந்தைக்கு இரண்டு ஊர்க்காரர்களும் வருவார்கள். அம்மிச்சியின் அம்மா தூக்குப்போசியில் ஏதாவது பலகாரம் கொடுத்துவிடுவார். போசியை வெறுமனே திருப்பி அனுப்பக்கூடாது என்பது வழக்கம். அம்மிச்சி அதில் வெல்லம் போட்டு அனுப்பினால் எல்லாம் சுகம். புளி போட்டு அனுப்பினால், யாராவது வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று அர்த்தம். கல்யாணத்துக்கு முந்தின நாள் ராத்திரி அம்மாவும் மகளும் பேசி வைத்துக்கொண்டது. புருசனுக்கும் தெரியாது.

எத்தனை முறை புளி போனது என்று ஒரு தடவை கேட்டேன். "மூணு" என்றார். எந்த மூன்று என்று சொல்லவில்லை.

ஆகஸ்ட் 7

"பெண்களுக்குக் கையில் காசே இருக்காதா?" இருந்தது. சிறுவாடு. நெய் விற்றது, முட்டை விற்றது, இதெல்லாம் பெண்பிள்ளைகளின் காசு. ஆண்கள் தொட மாட்டார்கள். அம்மிச்சி அடுக்குப்பானையில் கடைசிப் பானைக்குள் வைத்திருந்தார்.

1957 ஏப்ரலில் நயா பைசா வந்தபோது கையில் இருந்ததெல்லாம் அணா. பதினாறு அணா நூறு பைசா என்றால் ஒரு அணாவுக்கு ஆறேகால் பைசா. கால் பைசாவுக்குக் காசு கிடையாது. ஒற்றை அணாவாகக் கொடுத்தால் ஆறு பைசாதான் கிடைக்கும், நாலு அணாவாகக் கொடுத்தால் சரியாக இருபத்தைந்து. அம்மிச்சி ஒற்றை அணாவை யாருக்கும் கொடுக்காமல் நாலு நாலாகச் சேர்த்துத்தான் மாற்றினாராம். பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்காதவர். இந்தக் கணக்கைச் சொல்லும்போது அவருக்கு வரும் பெருமையை நான் வேறெதற்கும் பார்த்ததில்லை.

ஆகஸ்ட் 21

ஒரு விசயம் உறுத்துகிறது. இதுவரை எழுதியதில் எல்லா வேலையும் அம்மிச்சி ஒருவரே செய்ததுபோல் இருக்கிறது. அது சரியில்லை. நிலம் வைத்திருந்த வீடு அது. பண்ணையத்துக்குச் சேரியிலிருந்து ஒரு குடும்பமே வரும். அந்த வீட்டுப் பெண் விடியும் முன்னால் வந்து கட்டுத்தரையைக் கூட்டி, களை வெட்டி, பருத்தி எடுத்து, பொழுது சாய்ந்த பிறகு தன் வீட்டுக்குப் போய்த் தனியாக அங்கே கம்பு குத்தியிருப்பார். அவருக்குச் சோறு வாசலுக்கு வெளியே. கவலைச் சாலுக்குத் தோல் தைத்துக் கொடுத்ததும் அந்தக் குடும்பம்தான். அம்மாவும் மாமாவும் பிறந்தபோது பிரசவம் பார்த்தது நாவிதர் வீட்டு மருத்துவச்சி.

ஆடிக்கு அண்ணன் வண்டி கட்டிக்கொண்டு வரும் கதை அந்தப் பெண்ணுக்கு உண்டா? அவரும் எங்கிருந்தோ கட்டிக்கொடுக்கப்பட்டு வந்தவர்தான். அவர் பேரை அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது, உடனே சொன்னார். அவர் பொறந்த ஊர் எது என்று கேட்டேன். அது தெரியவில்லை.

செப்டம்பர் 11

சீர் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். நீளமாகிவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்துக் கவுண்டர் வீடுகளில் பொறந்தவன் கடமை கல்யாணத்தோடு முடியாது. ஆடிச் சீர், பொங்கல் சீர், பிள்ளை பிறந்தால் சீர், காது குத்தும்போது தாய்மாமன் மடி, பெண் வயதுக்கு வந்தால் தெரட்டிச் சீர். மாமன் வீட்டு ஆட்கள் பச்சை ஓலையில் குடிசை கட்டித் தருவார்கள். அண்ணன் கல்யாணத்தில் அக்கா தங்கைக்கு இணைச்சீர் என்று தனியாக ஒரு சடங்கே இருக்கிறது. கூடப் பொறந்தவள் உரிமையைச் சபையில் வைத்து ஒப்புக்கொள்வது அது. அம்மிச்சிக்கு அவர் அண்ணன் கல்யாணத்தில் இணைச்சீர் செய்தார்கள். அப்போது உடுத்திய சேலையைக் கடைசிவரை வைத்திருந்தார்.

என்னைக் கேட்டால் அதுதான் அவருடைய சொத்துப் பங்கு. நிலமாகக் கொடுக்காமல் நாற்பது வருசம் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார்கள்.

செப்டம்பர் 14

மேலே கடைசியில் எழுதிய இரண்டு வரியையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

அம்மாவும் நானும் உட்கார்ந்து ஞாபகம் இருந்தவரை எல்லாச் சீரையும் கூட்டிப் பார்த்தோம். சேலை, பாத்திரம், ஒரு கறவை மாடு, இரண்டு பவுனில் ஒரு சங்கிலி. பொறந்த வீட்டுக்குப் பன்னிரண்டு ஏக்கர், பாதி கொறங்காடு. கொழுக்கட்டைப் புல் முளைத்து, சுற்றிக் கிளுவை வேலி போட்ட மேய்ச்சல் நிலம். அதில் ஒரு ஏக்கருக்குக்கூட இந்தச் சீரெல்லாம் ஈடாகாது.

1956ல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டம் தகப்பன் பங்கில் மகளுக்கும் உரிமை தந்தது. பூர்வீகச் சொத்தில் மகனைப் போலப் பிறப்பாலேயே பங்கு என்று தமிழ்நாடு சட்டம் கொண்டுவந்தது 1989ல். அதிலும் அந்த வருசம் மார்ச் 25க்கு முன்னால் கல்யாணமானவர்களுக்கு இல்லை என்று எழுதிவிட்டார்கள். 2005ல் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டபோதுதான் அந்தத் தடை போனது. அதற்குள் எங்கள் வீட்டில் பாகப்பிரிவினை முடிந்து ரொம்ப வருசம் ஆகியிருந்தது. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் அம்மிச்சி கைநாட்டு வைத்திருந்தார்.

ஏன் வைத்தீர்கள் என்று சின்ன வயசில் கோபமாகக் கேட்டிருக்கிறேன். "பங்கு கேட்டா, ஆடிக்கு வண்டி வராது கண்ணு" என்றார். அப்போது அது பயமாகத் தெரிந்தது. இப்போதும் பயமாகத்தான் தெரிகிறது. ஆனால் எதை இழக்கப் பயந்தார் என்பது இப்போது புரிகிறது. மூன்று முறை போசியில் புளி போட்டு அனுப்பியவர். மூன்று முறையும் மறுநாளே வண்டி வந்ததாம்.

அக்டோபர் 2

வேறு ஒன்று. பவானிசாகர் அணை 1948ல் தொடங்கி 1955ல் முடிந்தது. கீழ்பவானி வாய்க்கால் கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர், இரண்டு லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம். சென்னிமலைப் பக்கம் தண்ணீர் வந்ததும் அம்மிச்சி வாழ்க்கைப்பட்ட வீட்டில் நெல் விளைந்தது. பொறந்த ஊர் வாய்க்கால் தண்ணீர் வராத மேட்டாங்காடு, அங்கே கம்பும் சோளமும்தான். போசி இப்போது எதிர்த்திசையில் போக ஆரம்பித்தது. அம்மிச்சி சந்தைக்கு அரிசி கொடுத்துவிடுவார். நாலைந்து வருசத்தில் பக்கத்து ஊரில் ரைஸ்மில்லும் வந்துவிட்டது. உலக்கையைப் பரண் மேல் போட்டார்கள்.

கரண்டு மோட்டார் வந்து கவலை நின்றபோது ஊரே சந்தோசப்பட்டது. அம்மிச்சியும்தான். "ஆனா அப்பறம் உங்கப்புச்சி தோட்டத்துல பேசறதே கொறஞ்சு போச்சு" என்றும் சொல்லியிருக்கிறார்.

2023 ஜனவரி 18

ரொம்ப நாள் இந்தப் பக்கம் வரவில்லை. பொங்கலுக்குச் சின்ன அம்மிச்சியைப் பார்க்கப் போயிருந்தோம். எங்கள் பக்கத்தில் பொங்கலை ஒட்டிப் பூப்பறிக்கிற நோன்பு உண்டு. பெண்பிள்ளைகள் கூட்டமாகக் காட்டுக்குப் போய் ஆவாரம்பூப் பறித்து, கும்மியடித்து, கொண்டுபோன சோற்றை அங்கேயே சாப்பிட்டுவிட்டு வருவார்கள். அந்த ஒரு நாள் யாரும் எங்கே போனாய் என்று கேட்க மாட்டார்களாம்.

இங்கே எழுதியதையெல்லாம் சின்ன அம்மிச்சிக்குப் படித்துக் காட்டினேன். புளிக் கதை அவருக்கே தெரியாது. ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். மலை பெரிதாகிக்கொண்டே வந்த இடம் வந்ததும் கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார்.

"தப்பா எழுதியிருக்கற. பொம்பளைக வண்டில பொறத்தாலதான் உக்காருவோம், மூஞ்சி பின்னால பாத்தாப்ல. கண்ணாலத்தன்னைக்கு அக்காகூட அந்த வண்டில நானும் போனேன். எங்கூரு பனமரம் மறையற வரைக்கும் அதயேதான் பாத்துட்டிருந்தா. மலை முதுகுப் பக்கம் இருந்துச்சு, அவ திரும்பவே இல்ல. மலையப் பாக்கறது ஆடிக்கு நம்மூட்டுக்கு வரும்போதுதான். சின்னதாகிட்டே போகும். மலை சிறுத்துருச்சு, ஊடு வந்துருச்சுன்னு சொல்லுவா."